டிராய் என்னும் நடுவர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

ஓராண்டுக்கு எத்தனை மாதங்கள் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் பன்னிரண்டு என்று விடை கூறும். ஆனால் எங்கள் பள்ளி ஆயாவின் கணக்கில் ஓராண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்!

ஆயா தரமணி கானகத்தில் குடியிருக்கிறார். காலையில் முதல் மணி அடிப்பது முதல் மாலையில் கடைசி வகுப்பறையைப் பூட்டுவது வரை நமக்காக உழைப்பவர். அவரிடம் இருப்பது ஒரு பட்டன் போன். அதில் படம் பார்க்க இயலாது, இணையமும் வராது. ஊரில் இருக்கும் மகளிடம் பேசுவதற்காகவே அதை வைத்திருக்கிறார். கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் ரீசார்ஜ் 28 நாட்களுக்கு வரும். சம்பளமோ மாதம் ஒரு முறைதான். ஆகவே ஒவ்வொரு தடவையும் ரீசார்ஜ் முடியும் நாள் சம்பள நாளை விட்டு முன்னே முன்னே ஓடிக்கொண்டிருக்கும்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் மதிய உணவு வேளையில் ஆயா படிக்கட்டில் அமர்ந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பிரசவத்துக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தார்களாம். முதல் நாளே ரீசார்ஜ் முடிந்துவிட்டது. சம்பளம் வர இன்னும் மூன்று நாள். "மாசம் ஒண்ணுதானே கண்ணு பொறக்குது? காசு மட்டும் ஏன் அதுக்கு முன்னாடியே கேக்குறாங்க?" என்று கேட்டார். அலுவலகத் தொலைபேசியில் பேசி, பேத்தி பிறந்த செய்தியை அன்று மாலை அறிந்துகொண்டார். அவருடைய கேள்விக்கு மட்டும் எங்களிடம் விடை இல்லை.

சமூக அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டரிடம் கேட்டோம். "இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நம் நாட்டில் ஓர் ஆணையம் இருக்கிறது. நீங்களே படித்து வந்து வகுப்புக்குச் சொல்லுங்கள்" என்றார்கள். அவ்வாறு நாங்கள் படித்தறிந்தவையே இக்கட்டுரை.

ஒரே கடை இருந்த காலம்

ஊருக்கு ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தால் என்ன நேரும்? கடைக்காரர் சொன்னதே விலை, கொடுத்ததே சரக்கு. நம் நாட்டின் தொலைபேசியும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1885-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டம், தந்தி முதலிய செய்தித் தொடர்புகளை அமைத்து நடத்தும் உரிமையை அரசுக்கே அளித்தது. விடுதலைக்குப் பின்னும் அந்நிலை தொடர்ந்தது. வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை எங்கள் தாத்தா பாட்டிமார் கதை கதையாகக் கூறுவர். வெளியூர் பேச வேண்டுமெனில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 1994-இல் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையின்படி, அப்போது நம் நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை, 0.8 தான் இருந்தது.

அக்கொள்கை தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு என்று கூறப்படுவது அதுவே. அக்காலத்தில் ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆயிற்று. அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் கொடுக்க வேண்டும்! ஆயாவைப் போன்றோர் அதை எட்டிப் பார்க்கவும் இயலாது.

நடுவர் ஏன் தேவைப்பட்டார்?

நம் விளையாட்டு விழாவில் கோகோ ஆட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணியின் தலைவியே விசிலையும் வாயில் வைத்திருந்தால் மற்ற அணி சும்மா இருக்குமா? தொலைபேசித் துறையிலும் அதே சங்கடம் எழுந்தது. உரிமம் வழங்குவது அரசு. விதி வகுப்பது அரசு. தொலைபேசி நடத்துவதும் அரசு. புதிதாக வந்த தனியார் நிறுவனங்கள் அந்த அரசோடுதான் போட்டியிட வேண்டும். அவர்கள் இருவருக்கும் நடுவில், பணம் கட்டும் பொதுமக்களுக்காகப் பேச யாருமில்லை.

ஆகவே பாராளுமன்றம் 1997-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1997 பிப்ரவரி 20 அன்று அமைந்ததே இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிராய்' என்று அழைக்கின்றனர். நீதியரசர் எஸ்.எஸ். சோதி இதன் முதல் தலைவர். ஒரு தலைவரும், இரண்டுக்கு மேற்படாத முழுநேர உறுப்பினர்களும், இரண்டுக்கு மேற்படாத பகுதிநேர உறுப்பினர்களும் இதில் இருப்பர். தலைமையகம் டில்லியில் உள்ளது.

2000-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் பணி டிராயிடமிருந்து பிரிக்கப்பட்டு, டி.டி.சாட் என்னும் தனித் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விதி வகுப்பவரே நீதிபதியாகவும் இருக்கலாகாது என்னும் குடிமையியல் பாடத்தை இங்கு நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இத்தகைய நடுவர்கள் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டிலேயே எஃப்.சி.சி. என்னும் ஆணையம் தோன்றியது. பிரிட்டனில் ஆஃப்காம் உள்ளது. நம் அண்டை நாடான இலங்கையில் 1996-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஏற்பட்டது.

ஆணையத்தின் இருவகைப் பணிகள்

டிராயின் பணிகளை இரண்டாகப் பிரித்து நினைவில் கொள்ளலாம். முதலாவது, பரிந்துரைப்பது. யாருக்கு எத்தகைய உரிமம் அளிக்கலாம், அலைக்கற்றையை என்ன விலைக்கு ஏலம் விடலாம் என்பன போன்றவற்றில் டிராய் அரசுக்கு ஆலோசனை கூறும். அரசு அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். இரண்டாவது, ஆணையிடுவது. கட்டணம், சேவையின் தரம், நிறுவனங்களுக்கு இடையேயான இணைப்பு ஆகியவற்றில் டிராய் சொல்வதை நிறுவனங்கள் கேட்டாக வேண்டும்.

இணைப்பு என்றால் என்ன? ஆயாவின் சிம் ஒரு நிறுவனத்துடையது. அவர் மகளின் சிம் வேறொரு நிறுவனத்துடையது. ஆயாவின் குரல் ஒருவர் வீட்டுத் தெருவில் புறப்பட்டு மற்றவர் வீட்டுத் தெருவில் போய்ச் சேர வேண்டும். "என் தெருவில் உன் வண்டி வரக் கூடாது" என்று ஒருவர் தடுத்தால் தாயும் மகளும் பேச முடியாது. தெருவைத் திறந்து வைக்கச் செய்வதும், அதற்கு வாடகை எவ்வளவு என்று முடிவு செய்வதும் டிராயின் வேலை. இந்த வாடகையை ஒழுங்குபடுத்தியதன் பயனாக, 2003 மே முதல் நாளிலிருந்து கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. 'மிஸ்டு கால்' கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் ஏழை எளியோரிடையே பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். நிமிடத்துக்கு 14 காசாக இருந்த இவ்வாடகை 2017 அக்டோபரில் 6 காசாயிற்று. 2021 ஜனவரி முதல் நாளன்று அடியோடு நீங்கியது.

நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குச் செல்லும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. அதுவரை, 'எல்லோரிடமும் கொடுத்த நம்பர் போய்விடுமே' என்று அஞ்சியே பலர் மோசமான சேவையைப் பொறுத்துக்கொண்டிருந்தனர். தொல்லை தரும் விளம்பர அழைப்புகள் வேண்டாமென்று பதிவு செய்ய 1909 என்னும் எண் இருக்கிறது.

சென்னை முதலில் கண்ட பாடம்

தொலைக்காட்சியிலும் டிராய்க்கு வேலை உண்டு என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. இதில் நம் சென்னைக்குத் தனி இடம் உண்டு. முன்பெல்லாம் கேபிள்காரர் தரும் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே தொகை கட்ட வேண்டும். பார்ப்பது நான்கு சேனலேயாயினும் கட்டுவது அத்தனைக்கும்! 2003 செப்டம்பர் முதல் நாள் சென்னையில் சி.ஏ.எஸ். என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல் வேண்டுவோர் செட்டாப் பாக்ஸ் வாங்கி, வேண்டியதை மட்டும் பார்க்கலாம். மற்றப் பெருநகரங்கள் தயங்கி நின்றபோது முதலில் இறங்கியது நம் ஊர்தான்.

2004 ஜனவரியில் ஒளிபரப்பும் கேபிள் சேவையும் டிராயின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. 2006-இல் டிராய், இம்முறை நடக்கும் பகுதிகளில் ஒரு கட்டணச் சேனலுக்கு மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. வேண்டாததற்குப் பணம் கட்ட வைக்கக் கூடாது என்பதே இதன் உட்கருத்து. தோழியரே, இதை மனத்தில் கொள்ளுங்கள். ஆயாவின் கதையில் இது மீண்டும் வரும்.

எல்லோரையும் கேட்டு முடிவெடுத்தல்

எங்களை மிகவும் கவர்ந்தது டிராய் முடிவெடுக்கும் முறையே. நினைத்த மாத்திரத்தில் ஆணை பிறப்பிக்க அதற்கு உரிமை இல்லை. வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆகவே முதலில் சிக்கலை விளக்கிக் கேள்விகளோடு ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிடுவர். நிறுவனங்கள், சங்கங்கள், தனி மனிதர் என யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். ஒருவர் கருத்துக்கு மற்றவர் மறுப்பும் எழுதலாம். அனைத்தும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படும். பின்னர்த் திறந்தவெளிக் கலந்துரையாடல் நடக்கும். அதன் பின்னரே முடிவு.

இம்முறையின் வலிமையை நாடு 2015-இல் கண்டது. இணையத்தில் சில தளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ தரலாமா என்னும் கேள்வி எழுந்தது. இலவசம் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பெரிய நிறுவனத்தின் தளம் இலவசம், நம் ஊர்ச் சிறுவணிகரின் தளம் காசு என்றானால் சிறியவரிடம் யார் செல்வார்? அவ்வாண்டு மார்ச்சில் வெளியான கலந்தாய்வுத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்று குவிந்தன. கல்லூரி மாணவர்களும் சாதாரண மக்களும் எழுதினர். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டலாகாது என்று விதி செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். பேஸ்புக் நிறுவனம் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது.

ஆற்றலும் எல்லையும்

எனினும் டிராய் எல்லாம் வல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பேசும்போதே தொடர்பு அறுந்தால் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு தர வேண்டும் என்று 2015-இல் விதித்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்று கூறிவிட்டது. மேலும், தனி ஒருவரின் புகாரை டிராய் நேரே விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், அங்குத் தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் செல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசியபோது தரமணியும் வேளச்சேரியும் நீரில் தத்தளித்ததை நாம் மறக்க மாட்டோம். மின்சாரம் நின்றது, பல வீடுகளில் கைப்பேசியும் ஊமையாயிற்று. 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கும் அதைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களும் உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும் இதே தரமணியில், மொட்டை மாடியில் நின்று கை அசைத்து உதவி கேட்டவர்களும் இருந்தனர். 2024-இல் டிராய் புதிய தர விதிகளை வெளியிட்டது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் கழிவோ, கூடுதல் நாட்களோ தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் இயற்கைச் சீற்றத்தால் வரும் முடக்கத்துக்கு இது பொருந்தாது. நமக்குத் தொலைபேசி மிகவும் தேவைப்படும் நாளும் அதுவே அன்றோ?

1885-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் பாராளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றியது. அதன் பல பிரிவுகள் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. டிராய் தொடர்ந்து இயங்குகிறது.

ஆயாவின் கேள்விக்கு விடை

இனி ஆயாவிடம் வருவோம். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 முறை வரும், ஒன்று மிஞ்சும். அதாவது ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். இக்கணக்கை நம் ஆயா மட்டும் போடவில்லை. நாடெங்கும் பலர் போட்டிருக்கிறார்கள். ஆகவே 2022 ஜனவரியில் டிராய் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாட்களுக்கான திட்டம் ஒன்றையேனும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையேனும் தர வேண்டும் என்பதே அது.

இணையமே பயன்படுத்தாத ஆயா ஏன் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கேபிளில் சென்னை கண்ட அதே வழக்குதான் இது. 2024 டிசம்பர் 23 அன்று டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று விதித்தது.

இவற்றை அறிந்ததும் நாங்கள் துள்ளிக் குதித்து ஆயாவிடம் ஓடினோம். ஆனால் அங்கும் ஒரு முடிச்சு இருந்தது. பெரும்பாலான கட்டணங்களின் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம். எத்தகைய திட்டம் இருக்க வேண்டும் என்று டிராய் சொன்னதே தவிர, விலை இவ்வளவு என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் பேச்சுக்கு மட்டுமாக வந்த திட்டங்களில் பெரும்பாலானவை 84 நாள், 365 நாள் என நீண்டிருந்தன. ஆயா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "மூணு மாசக் காசை ஒரே தடவையா வைக்கிற மாதிரி இருந்தா நான் ஏன் கண்ணு கவலைப்படப் போறேன்?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. சம்பள நாளன்று ஆயா கடைக்குச் சென்று, "தேதிக்குத் தேதி வர்ற திட்டம் ஒண்ணு இருக்காமே, அதைப் போடு" என்று கேட்டார். கடைக்காரர் தேடிப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். விலை சற்றுக் கூடுதல்தான். ஆயினும் இப்போது ரீசார்ஜும் சம்பளமும் ஒரே நாளில் வருகின்றன. இருந்த உரிமை இத்தனை நாள் ஏன் கிடைக்கவில்லை? அப்படி ஒன்று இருப்பதையே ஆயா அறியவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை, பக்கத்திலேயே இருந்த நாமும் சொல்லவில்லை.

முடிவுரை

இன்று நம் நாட்டில் 110 கோடிக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் உள்ளன. இத்தனை பேருக்கும் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் நடுவில் நிற்பதே டிராய். நல்ல நடுவர் யார் பக்கமும் சாய மாட்டார். ஆனால் மைதானத்தில் யார் விழுந்தார் என்று யாராவது கை தூக்கிக் காட்டினால்தான் அவருக்கும் தெரியும். நிறுவனங்கள் வழக்கறிஞரையும் வல்லுநரையும் வைத்துத் தம் கருத்தை எழுதி அனுப்புகின்றன. கலந்தாய்வுத் தாளோ பல பக்கங்கள் கொண்டது. சட்டமும் கணக்கும் நிறைந்த ஆங்கிலத்தில் வருவது. ஆயா அதை எவ்வாறு படிப்பார்? 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். எங்கே அழ வேண்டும் என்றே தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

தோழியரே! நமக்கு இங்கே தமிழும் ஆங்கிலமும் கணிதமும் குடிமையியலும் கற்றுத் தருகிறார்கள். தேர்வில் மதிப்பெண் பெறுவதோடு அவற்றின் பயன் முடிந்துவிடக் கூடாது. கட்டணம் பற்றிய அடுத்த கலந்தாய்வுத் தாள் வெளியாகும்போது, பேச்சுக்கு மட்டுமான ரீசார்ஜ் ஒரு மாதத்துக்கும் வேண்டும் என்று எழுதி அனுப்ப எங்கள் வகுப்பு முடிவு செய்துள்ளது. கடிதத்தைத் தமிழில் ஆயாவே சொல்வார். ஆங்கிலத்தில் நாங்கள் எழுதுவோம். விடுமுறையில் நீங்களும் உங்கள் வீட்டிலும் தெருவிலும் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களிடம், "எத்தனை நாளுக்கு ஒரு முறை ரீசார்ஜ் போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் படிப்பு பிறருக்குப் பயன்படும் இடம் அங்கேதான் தொடங்குகிறது.